அரைப்பேர்



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ஒரு தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். "டிஜிட்டல் கதைசொல்லலும் பங்கேற்பு ஆய்வும்: ஒரு கல்வியாளரின் பயணம்." தலைவர் அதை வாசித்து முடிக்க நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், பார்த்தீர்கள். வீட்டிலும் அன்றைக்குக் கேட்டார்கள், இதற்கு என்ன அர்த்தம் என்று. "சனங்ககிட்ட கதை கேக்குற வேல" என்றேன். "அதுக்கா இத்தன வருசம் சம்பளம் தந்தாங்க?" என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்னொன்று. எனக்குப் பின்னால் பெரிய திரை கட்டி, முன்னால் புரொஜெக்டரும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் வீண். இன்றைக்கு நான் ஒரு படமும் காட்டப்போவதில்லை. கோபிக்க வேண்டாம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் தோட்ட வேலைக்காக நம் பூட்டன்மார் புறப்பட்டபோது அட்டன், பதுளை, நுவரெலியா என்ற பெயரெல்லாம் அவர்கள் வாயில் இல்லை. மலை முழுவதும் அவர்களுக்குக் கண்டிச் சீமைதான். நாம் கூடியிருக்கும் இந்தக் கண்டியின் பெயரையே ஒரு நாட்டின் பெயராக வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் வெள்ளைக்காரர் கோப்பி போட்டார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டும் இந்த மண்டபத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத் திரும்பிவிடக்கூடிய இடங்கள். டெயிலரின் பெயர் இங்குள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களில் ஒருவரின் பெயரையாவது பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்.

தெரிந்ததுதான்.

பேர் என்றதும் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது தேவையில்லை, பின்னால் நிற்கும் நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, குறித்த கிலோவைப் பறித்துக் கொண்டுவந்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது இலையில் ஒட்டிய தண்ணீருக்கு என்று கொஞ்சம், கூடைக்கு என்று கொஞ்சம் வெட்டுவார்கள். எவ்வளவு வெட்டுவது என்பது தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கையில். இந்தப் பக்கம் நிற்பவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் தொழிலை எனக்குச் சொல்லித்தந்தது இந்த ஒரு சொல்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல.

இருபது வருடங்களுக்கு முந்திய கதை. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டம். வெளிநாட்டுப் பணத்தில் ஓர் ஆய்வுத் திட்டம், பெண் தொழிலாளரும் சம்பளமும் என்று. நான் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். லயத்து வீட்டின் முன் இஸ்தோப்பில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அப்போதே அறுபது தாண்டியிருக்கும். நாற்பது நிமிடம் பேசினார். படங்குச் சாக்கைக் கட்டி இடுப்பில் விழுந்த தழும்பைக் காட்டினார். பீலிக்கரையில் தண்ணீருக்குச் சண்டை போட்டது, பிள்ளைக்காம்பராவில் மகனை விட்டுவிட்டு மலை ஏறியது, எல்லாம் சொன்னார். எனக்கு நல்ல சந்தோசம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து, நாற்பது நிமிடத்தை நான்கு நிமிடமாக வெட்டி ஒரு படம் செய்தேன். கொழும்பில் காட்டினேன், கை தட்டினார்கள். பிறகு நல்ல பிள்ளையாக அதே தோட்டத்துக்குப் போய், லயத்து வாசலில் பெட்ஷீட் கட்டிக் காட்டினேன். அந்த அம்மா கடைசி வரைக்கும் பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி மெல்லச் சொன்னார்:

"முழுநாளும் வேல செஞ்சேன் தம்பி. அரப்பேரு போட்டுட்டீங்களே."

நான் வெட்டியது என்ன தெரியுமா? அவருடைய தங்கச்சியின் கதை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் சனங்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களை அரிசி மூட்டை மாதிரிப் பங்கிட்டார்கள். 1974இல் அந்தப் பாக்கி மூட்டையையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே காம்பராவில் பிறந்த அக்காவுக்கு ஒரு நாடு, தங்கச்சிக்கு இன்னொரு நாடு. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன ரயிலுக்கு நம் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. இந்த அம்மாவின் தங்கச்சியும் அதில் போனவள், நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அம்மா பேசிய நாற்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் இதுதான். என் தலைப்பு சம்பளம். தங்கச்சி தலைப்புக்குள் வரவில்லை. வெட்டிவிட்டேன்.

தண்ணீருக்கு என்று நான் வெட்டிய கிலோ அது.

நான் மட்டும் இப்படி அகப்பட்டுக்கொண்டதாக நினைத்துப் பல வருடம் வெட்கப்பட்டேன். பிறகு வலன்ரைன் டானியலின் 'சார்ட் லலபைஸ்' புத்தகத்தை வாசித்தேன். 1996இல் வந்தது. இந்த நாட்டில் பிறந்து அமெரிக்காவில் மானிடவியல் கற்பித்தவர். 1983இல் அவர் இங்கே வந்தது தோட்டத்துப் பெண்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்ட. வந்த இடத்தில் சனங்களிடம் சொல்வதற்கு வேறொன்று இருந்தது, ஆடிக் கலவரம். அவர் தன் திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, சொன்னதைக் கேட்டார். தாலாட்டுத் தேடி வந்தவரின் புத்தகத்துக்குக் கருகிய தாலாட்டு என்று பெயர் வந்தது அப்படித்தான். என்ன கேட்பது என்பதையும் சொல்லுகிறவரே தீர்மானிக்கட்டும் என்பதுதான் பங்கேற்பு ஆய்வின் அரிச்சுவடி. அவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை, செய்துவிட்டுப் போனார்.

இப்போது நம் பேராதனைக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956இல் சிங்கள நாடகக்காரர் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றி, சிங்கள நாடகத்துக்கு அதன் கிராமத்து வேரைக் காட்டினார். அதே பேராதனையில் நம் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். பல்கலைக்கழகத்துக்குள் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் வந்தார்கள். கலாநிதிகள் நடமாடுகிற இடத்தில், கையெழுத்துப் போடவே சிரமப்படும் ஒரு மனிதர் மத்தளத்தை வைத்துக்கொண்டு ஆசிரியராக உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும்! 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை. இராவணேசனாக ஆடிய மாணவர் மௌனகுரு. அந்த ஆட்டம் அவரை வாழ்நாள் முழுவதும் கூத்தின் ஆய்வாளராக்கிவிட்டது. நம் பக்கத்தில் பங்கேற்பு ஆய்வின் தொடக்கம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் ஒன்று. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, பேராதனையில் சில மணி நேரத்துக்குள் சுருங்கிப் படச்சட்ட மேடையில் ஏறியது. வெட்டியது யார்? பல்கலைக்கழகம். நல்ல நோக்கம், நல்ல கை, அழகான வெட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வெட்டு இல்லாவிட்டால் நகரத்துப் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் கத்தரி ஊரின் கையில் இல்லை. இதே கேள்வியைப் பிறகு மட்டக்களப்பிலேயே கேட்டவர் சி. ஜெயசங்கர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் அவரும் ஊரவர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒன்றைச் செய்தார்கள். கூத்துக் களரியிலேயே ஆடுவது, மாற்ற வேண்டியதை ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் அண்ணாவியாருமாக இருந்து பேசித் தீர்மானிப்பது. பெண்ணைப் பற்றி இந்த வரி இப்படியே இருக்கலாமா, சாதியைப் பற்றி இது சரியா என்று ஊர் விவாதித்தது. வித்தியானந்தன் கூத்துக்கு மேடை தந்தார், ஜெயசங்கர் கத்தரியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். இருவரையும் எதிரிகளாக நிறுத்திக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாமவர் இல்லாமல் இரண்டாமவரின் கேள்வி பிறந்திருக்காது.

வெளிநாட்டில் இந்தக் கத்தரி விஷயத்தை நன்றாகப் புரிந்தவர் கொலம்பியா நாட்டு ஓர்லாந்தோ ஃபல்ஸ் போர்தா. அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவர். அதை விட்டு வெளியேறி, கரையோர விவசாயிகளோடு போய் இருந்தார். விவசாயிகள் சொன்ன கதைகளை உலியானோவ் சலார்கா என்ற ஓவியர் படக்கதையாக வரைந்தார். வரைந்ததை அவர்களிடமே காட்டி, "இந்த ஆளின் தொப்பி இப்படி இல்லை" என்றால் திருத்தினார்கள். பிறகு ஃபல்ஸ் போர்தா 1979 முதல் 1986 வரை நான்கு பாகத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதினார். இடப்பக்கம் முழுவதும் கதை, வலப்பக்கம் முழுவதும் கோட்பாடு. விவசாயி இடப்பக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போகலாம், பேராசிரியர் வலப்பக்கத்தை. நான் இரண்டு பக்கத்தையும் வாசிக்கப் பார்த்தேன், வலப்பக்கத்தில் அடிக்கடி தூக்கம் வந்துவிட்டது. அதை இங்கே சொன்னால் தப்பில்லை, பரீட்சை எழுதுகிற வயது எனக்குப் போய்விட்டது.

டிஜிட்டல் கதைசொல்லல் என்பது இந்தப் பங்கேற்பு ஆய்வின் தங்கச்சி. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லம்பர்ட்டும் நண்பர்களும் தொடங்கினார்கள். மூன்று நாள் பட்டறை. முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதை சொல்வார்கள். பிறகு சொன்னவரே எழுதி, சொந்தக் குரலில் பதிந்து, வீட்டுப் படங்களை அடுக்கி, இரண்டு மூன்று நிமிடப் படமாக வெட்டி முடிப்பார். 2001இல் பிபிசி வேல்ஸும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் இதை வேல்ஸ் முழுவதும் கொண்டுபோயின. அதை நடத்தியவர் டேனியல் மெடோஸ். இளைஞராக இருந்தபோது, 1973-74இல், ஒரு பழைய இரட்டைத் தட்டு பஸ்ஸில் இங்கிலாந்து முழுவதும் சுற்றி, வீதியில் போகிறவர்களைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அவர்களுக்கே இலவசமாகக் கொடுத்த ஆள். இருபது வருடம் கழித்து அவர்களில் பலரைத் தேடிப்போய் மறுபடியும் படம் எடுத்தார். திரும்பிப் போனார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஆய்வாளர்களில் தோட்டத்துக்கு இரண்டாம் முறை போனவர்களைத் தேடினால் ஒரு கை விரல் போதாது என்று சொல்ல ஆசைதான், போதும்.

இதை இங்கே கொண்டுவந்தபோது எங்களுக்கு முதல் தடங்கல் படங்கள். லம்பர்ட்டின் முறைக்குக் குடும்ப ஆல்பம் வேண்டும். லயத்துக் காம்பராவில் ஆல்பம் எங்கே? கலியாணப் படம் ஒன்று இருக்கும், அடுப்புப் புகையில் மஞ்சளாகி. அடையாள அட்டைக்கு எடுத்த முகம் ஒன்று. செத்தவருக்கு மாலை போட்ட படம் ஒன்று. அவ்வளவுதான். அதனால் ஒலியைப் பிடித்தோம். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம், விடியப்பெரட்டுக்குத் தப்பு அடித்த தாளத்தை ஒரு தாத்தா வாயாலேயே போட்டுக் காட்டியது, கவ்வாத்துக் கத்தி சாணையில் ஏறுகிற சத்தம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2007இல் தொடங்கியது, பழைய லயத்திலேயே. போகாதவர்கள் போய்ப் பாருங்கள். கூடையும் படங்கும் கண்ணுக்குக் கிடைக்கும். சத்தத்தை நீங்கள்தான் பிடித்து வைக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எங்கள் பட்டறை தேவையே இல்லை என்று சில நேரம் நினைக்கிறேன். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது ஒரு பெடியன் மரத்தில் ஏறிப் போனில் நேரலை போடுகிறான். அங்கே கட்டாரில் இருக்கும் அண்ணன் அதைப் பார்த்து, மதன் சாம்பலாகும் இடத்தில் அழுகிறான். 2023 ஜூலை 28இல் நம் சனங்கள் தலைமன்னாரில் புறப்பட்டு, மூதாதையர் வந்த வழியிலேயே நடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்களே, அந்த நடையைப் பலர் பார்த்ததும் இந்தப் பிள்ளைகளின் போனில்தான்.

பட்டறையில் செய்த படங்களைப் பல்கலைக்கழகம் எப்படிப் பார்க்கிறது? பதவி உயர்வுக்கு நான் கொடுத்த கோப்பில் ஒருமுறை இப்படிப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. நேர்முகத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "இது ஆய்வா, கலியாண வீடியோவா?" எந்த இடம், யார் என்பது வேண்டாம், அவர் இன்று இல்லை. அன்று எனக்குக் கோபம். இன்று யோசித்தால் கேள்வி அவ்வளவு மோசமில்லை. கலியாண வீடியோவை யாருக்காக எடுக்கிறார்கள்? கலியாண வீட்டுக்காக. என் ஆய்வுக் கட்டுரைகளை நான் யாருக்காக எழுதினேன்? அந்த அம்மா ஒன்றையும் வாசிக்கவில்லை. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் முழுதாக இருந்தது. அவருடையது "தகவலாளி 7". அரைப்பேர்கூட இல்லை.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், கீழே பெருவிரல் அடையாளம். 1948க்குப் பிறகு பிரஜாவுரிமைத் தாள்களில் எத்தனை விரல் அடையாளம் வைத்த சனங்கள் இவர்கள்! மறுபடியும் ஒரு தாளை நீட்டி "இங்கே வையுங்கள்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் வாயால் கேட்கப் பழகினோம், ஒருமுறை அல்ல, மூன்று முறை. பதியும் முன், வெட்டிய பின், காட்டும் முன். மூன்றாவது முறை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். திட்டத்துக்குப் பணம் தந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கோட்பாட்டைவிடக் கடினம்.

சரி. அந்த அம்மாவிடம் திரும்பிப் போன கதையைச் சொல்லி இறங்குகிறேன்.

பத்து வருடம் கழித்துப் போனேன், கமரா இல்லாமல். பேத்தி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், அவளிடம் ஒரு போன். மூன்று நாள் அந்த இஸ்தோப்பில் நான் சும்மா இருந்தேன், வெட்டுகிற செயலியை எப்படிப் பாவிப்பது என்று மட்டும் பேத்திக்குக் காட்டிக் கொடுத்தேன். அம்மா தகரப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். தங்கச்சி, புருசன், இரண்டு பிள்ளைகள். கடவுச்சீட்டுக்காக நகரத்து ஸ்டூடியோவில் எடுத்தது. வலப்பக்க ஓரம் கொஞ்சம் கோணல். ஏன் என்று கேட்டேன். "நானுந்தான் நின்னேன். போறவங்க மட்டுந்தான் இருக்கணும்னு வெட்டிட்டாங்க." உற்றுப் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் தோளில் ஒரு கை இருந்தது. கண்ணாடி வளையல் இரண்டு. மணிக்கட்டோடு நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரருக்குப் பிள்ளையின் தோளை வெட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது.

பேத்தி படத்தை அந்தக் கையில் தொடங்கினாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மலையையும் பனியையும் காட்டித் தொடங்கச் சொல்லியிருப்பேன்.

கோத்தகிரியிலிருந்து தங்கச்சி போட்ட கடிதங்களைப் பற்றி அம்மா சொன்னார். ஓர் இடத்தில் கடிதம் நின்றுபோனது, ஏன் நின்றது என்றும் சொன்னார். இரண்டு நிமிடம் இருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். இதுவரை பதிந்ததில் இதற்கு ஈடாக ஒன்றுமில்லை என்று பட்டது. மூன்றாம் நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "அத எடுத்துரு புள்ள" என்றார். நான் வாய் விட்டுவிட்டேன்: "அம்மா, அதுதானே கதைக்கு உசுரு!" அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பேத்தி அழித்தாள். பிரதிகூட வைக்கவில்லை. நான் அதைக் கேட்டவன், ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

படத்தின் முடிவில் கதை, குரல், வெட்டு என்று மூன்று இடத்திலும் அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. என் பெயர் இல்லை. லயத்து வாசலில் மறுபடியும் பெட்ஷீட் கட்டிக் காட்டினோம். வெளியில் காட்டலாமா என்று மூன்றாம் தடவை கேட்டபோது, "சொல்லிக்கங்க தம்பி. காட்ட வேணாம்" என்றார். அம்மா இப்போது இல்லை, மாற்றிக் கேட்க வழியும் இல்லை. அந்தத் திரை வெறுமையாகக் கிடப்பது அதனால்தான்.

அன்றிரவு படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள், "அப்புறம் ஒங்க தங்கச்சி கடுதாசியே போடலியா?" அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"எல்லாருக்கும் சாயத்தண்ணி ஊத்தவா?"